மண்மேட்டு வேலியும் எங்கள் செவலையும்

தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, ஆடு வைத்திருந்தவர்களுக்கு ஊரில் மரியாதை போய்விட்டது. அதற்கு முன்னால் எங்கள் ஊரான வடக்குத்தில் யார் தோப்பில் யார் ஆடு புகுந்தாலும் பெரிய பேச்சு கிடையாது. வளர்ந்த முந்திரி மரத்தை ஆடு என்ன செய்துவிடும்? பழம் விழுகிற காலத்தில் மட்டும் விரட்டுவார்கள், மற்ற நாளில் கண்டுகொள்ள மாட்டார்கள். புயலுக்குப் பிறகு தோப்பெல்லாம் முழங்கால் உயர ஒட்டுக்கன்றாகிவிட்டது. ஒரு ஆடு உள்ளே புகுந்தால் ஒரு வரிசை மொட்டை. அத்தை, சித்தி என்று முறை வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்களே ஆட்டைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு நன்றாகவே பேசினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும், நியாயம் அவர்கள் பக்கம்தான்.

கிழக்கே தோப்பு அடைபட்டதும் எங்கள் ஆடுகள் மேற்கே திரும்பின. மேற்கே மண்மேடு இருந்தது.

நெய்வேலியைப் பார்க்காதவர்கள் சுரங்கம் என்றால் பள்ளத்தை மட்டும்தான் நினைப்பார்கள். தோண்டிய மண் எங்கேயாவது போக வேண்டுமே. அது குவிந்து குவிந்து எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மலையாக நின்றது. அதன் மேல் மரக்கன்று நட்டு, சுற்றிலும் முள்கம்பி போட்டு, அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்று போர்டும் மாட்டியிருந்தார்கள். புங்கன், வேம்பு, சவுக்கு எல்லாம் சரிவில் ஏற்கெனவே தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. அந்த வருஷம் அடிவாரத்தில் புதுக்கன்று நட்டிருந்தார்கள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் லாரியில் தண்ணீர் போனது. அந்தப் பச்சை எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தாலே தெரியும். ஆட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

என் வீட்டுக்காரருக்கு அந்த மேட்டில்தான் வேலை. காண்ட்ராக்ட் வேலை. கன்றுக்குத் தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆடு மாடு வராமல் காவல் இருப்பது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் அவருடையது. காண்ட்ராக்ட்டிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சீனியாரிட்டியில் ஒவ்வொருவராகப் பெர்மனென்ட் ஆகிவிட்டார்கள். அடுத்த சுற்றில் இவர்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கேட் பாஸ் கையை விட்டுப் போகாமல் இருந்தால் போதும். ஒரு தடவை பறித்துவிட்டால் சீனியாரிட்டி அறுந்துவிடும். மறுபடி சேர்த்துக்கொண்டாலும் வரிசையின் கடைசியில் போய்தான் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து காய்ச்சலோடுகூட ஷிஃப்டுக்குப் போவார். நான் திட்டினால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். பாஸ் அந்தப் பையில் இருக்கும்.

தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் முகம் கழுவாமல் நேராக ஆட்டுக் கொட்டகைக்குப் போனார். குனிந்து ஒவ்வொரு ஆட்டின் வாயையும் பிடித்துத் திறந்து பார்த்தார். பல் டாக்டர் எப்போது ஆனீர்கள் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. புதுக்கன்றுகளில் நுனி கடிபட்டிருக்கிறதாம், ஆட்டுப் புழுக்கையும் கிடந்ததாம். புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார்: ஆடு பிடிபட்டால் பட்டியில் அடைத்து அபராதம் போடுவேன், அந்த ஆடு இங்கே வேலை பார்க்கிற ஆளுடையதாக இருந்தால் அன்றைக்கே பாஸை வாங்கிவிடுவேன். காவலுக்கு இருப்பவர்களே சொந்த ஆட்டை உள்ளே விடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

ஊரில் வேறு யார் வீட்டிலும் ஆடு இல்லையா, நம்முடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்று நான் எகிறினேன். அவர் செவலையின் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். செவலை எங்கள் கூட்டத்துக்கு முன்னால் போகிற பெட்டை. பத்துப் பன்னிரண்டு உருப்படியும் அதன் பின்னால்தான் போகும். அது நின்றால் நிற்கும், திரும்பினால் திரும்பும். எங்கள் ஆடுகளுக்கு மேய்ப்பவர் என்று யாரும் கிடையாது. காலையில் கொட்டகைப் படலைத் திறந்துவிட்டால் தானாகப் போகும், பொழுது சாய்வதற்குள் தானாக வரும். எங்கள் தெருவில் எல்லார் வீட்டு ஆடும் அப்படித்தான். எங்கே போய்விட்டு வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாள் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு ஆடுகளின் பின்னால் நடந்தேன்.

ஆட்டின் பின்னால் போவது மனிதர் செய்கிற வேலை இல்லை. மாடாக இருந்தால் ஒரு இடத்தில் நின்று மேயும். இதுகள் நிற்பதே இல்லை. முதலில் தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொஞ்சம் பொறுக்கின. பிறகு ரோட்டோரத்துச் சீமைக்கருவேல மரங்களுக்குப் போய் உதிர்ந்த காய்களை ஒன்று விடாமல் தின்றன. ஒரு செடியில் நாலு வாய், அடுத்த செடிக்கு நடை. முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்துக்கொண்டு எட்டிய கிளையை இழுத்தன. வெயில் கண்மண் தெரியாமல் அடித்தது. சுரங்கத்திலிருந்து தண்ணீர் வருகிற வாய்க்காலில் இறங்கிக் குடித்துவிட்டு, பக்கத்தில் ஓடும் பெரிய குழாயின் நிழலில் எல்லாம் ஒன்றாகப் படுத்து அசை போட்டன. நானும் குழாயை ஒட்டி உட்கார்ந்தேன். அந்த வழியாகச் சைக்கிளில் போனவர்கள், ஆட்டோடு ஆடாக உட்கார்ந்திருக்கிறாயே, வீட்டில் சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆடுகள் இத்தோடு திரும்பிவிடும் என்றுதான் நினைத்தேன். மழைக்காலமாக இருந்திருந்தால் திரும்பியிருக்கும். வழியெல்லாம் காய்ந்து போனதால் வயிறு நிறையவில்லை.

வெயில் சற்றுத் தாழ்ந்ததும் செவலை எழுந்தது. இந்தத் தடவை அங்கே இங்கே வாய் வைக்கவில்லை. ஆபீஸுக்கு லேட்டானவர் மாதிரி நேராக நடந்தது. மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. மண்மேட்டு வேலியில் ஒரு கல்தூணின் அடியில் மழைநீர் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கு மேலே இரண்டு கம்பிகள் தளர்ந்து தொங்கின. செவலை தலையைத் தாழ்த்தி, முதுகை நெளித்து உள்ளே போய்விட்டது. நான் ஓடிப் போவதற்குள் கடைசிக் குட்டியும் போய்விட்டது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் குரலை யார் கேட்பார்களோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே எங்கேயோ அவர் இருக்கிறார். அவரோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆடுகள் போன மாதிரியே அதே பள்ளத்தின் வழியாக வெளியே வந்தன. யார் கண்ணிலும் படவில்லை. அன்று பிழைத்தோம்.

கட்டிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கட்டிப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து கயிறு அறியாத ஆடுகள். தொண்டை கிழியக் கத்தின, போட்ட தழையைத் திரும்பிப் பார்க்கவில்லை, குட்டிக்குப் பால் வற்றியது. அந்தக் கோடையில் தினமும் அவ்வளவு தழைக்கு எங்கே போவது? நீங்களே பள்ளத்தை மூடிவிடலாமே என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூடினால் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் எப்போது பார்த்தாய், எந்த ஆடு வந்தது என்று கேட்பார்கள் என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது. அதைவிடப் பெரிய தொல்லை ஒரு வீட்டில் இருக்க முடியாது.

கடைசியில் ஊர் வழக்கப்படியே செய்தோம். வேலி தாண்டுகிற ஆட்டுக்கு மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். தலை நுழைந்தாலும் குச்சி கம்பியில் முட்டி நிறுத்திவிடும். செவலைக்கு மட்டும் கட்டினால் போதும், அது போகாவிட்டால் மற்றதும் போகாது என்று அவர் சொன்னார். கெட்டியான வேப்பங்குச்சிகளாகப் பார்த்து வெட்டி, நைலான் கயிற்றால் அவரே இறுக்கிக் கட்டினார். செவலை இரண்டு நாள் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. நான் ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்தேன். பள்ளத்துக்குள் தலையை விட்டது, குச்சி தடுத்தது, பின்வாங்கியது. கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை, தவக்காலத்தையும் பார்க்காமல் வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் பெரிய அதிகாரி ஒருவர் கன்றுகளைப் பார்க்க வருகிறார் என்று மேட்டில் ஒரே அமர்க்களம். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு ஆடுகள் வரவில்லை. வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்தேன். பிறகு பொறுக்க மாட்டாமல் நேராக வேலிக்குப் போனேன்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. பசிக்குக் கத்துகிற கத்தல் வேறு, இது வேறு. செவலை பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வெளியிலிருந்து உள்ளே போகும்போது இல்லை. உள்ளேயிருந்து வெளியே வரும்போது. தலை வெளியே இருந்தது, உடம்பு உள்ளே இருந்தது. மற்ற ஆடுகள் அதற்குப் பின்னால் நெருக்கியடித்துக் கத்தின. வெளியே மண்ணைப் பார்த்தேன். குளம்புத் தடம் பள்ளத்தருகே வந்து, அங்கிருந்து வேலியை ஒட்டியே வடக்கே போயிருந்தது. வடக்கே லாரி போகிற கேட் இருக்கிறது. அதிகாரியின் கார் வருவதற்காக அன்று அதை அகலத் திறந்து போட்டிருக்கிறார்கள். பள்ளம் அடைபட்டால் செவலை வேலியைச் சுற்றிப் பார்க்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கேட் வழியாக ஜம்மென்று போய்விட்டு, வீட்டுக்கு வர மட்டும் பழகின குறுக்கு வழியைத் தேடியிருக்கிறது. உள்ளே போகாமல் இருக்கக் கட்டின குச்சி, இப்போது வெளியே வரவிடாமல் பிடித்துக்கொண்டது.

குச்சியின் ஒரு முனை கம்பிகளுக்கு நடுவே போய்த் திருகிக்கொண்டிருந்தது. செவலை இழுக்க இழுக்கக் கயிறு தொண்டையை இறுக்கியது. நாக்கு தொங்கிவிட்டது. தையல்காரிக்கு அன்றைக்கென்று கத்தரிக்கோல் கையில் இல்லை. முடிச்சைப் பல்லால் கடித்தேன். அவர் போட்ட முடிச்சு, அசையவில்லை. முள்கம்பி கையைக் கீறியது. கடைசியில் ஒரு கல்லை எடுத்துக் குச்சியின் மேல் அடி அடி என்று அடித்தேன். குச்சி முறிந்து கயிறு தளர்ந்தது. அந்தச் சனியன் வெளியே வரக்கூடாதா? மிரண்டு பின்னாலேயே இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. அப்போதுதான் விசில் சத்தமும் ஜீப் சத்தமும் கேட்டன.

ஜீப் வேலியோரமாக வந்து உள்பக்கம் நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் இறங்கினார். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குதித்தார், கையில் கோலோடு. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சூப்பர்வைசருக்கு என்னைத் தெரியாது. அது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த வழி.

யார் ஆடு இது என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். அவர் திரும்பி, இது உன் ஏரியாதானே, இந்தம்மா யாரென்று தெரியுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"தெரியாதுங்க சார்."

பொய் சொல்ல வராத மனிதர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கோலை நீட்டினார்.

"இன்னாம்மா, போர்டு வெச்சிருக்கிறது கண்ணு தெரியல? ஆட்ட அவுத்து வுட்டுட்டு வூட்ல குந்திக்கினு இருப்பீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அம்மா போட்டுப் பேசியதில்லை. தெரியாமல் வந்துவிட்டது, மன்னிச்சிடுங்க ஐயா என்று நானும் அவரைக் கும்பிட்டேன். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்றைக்குக் கும்பிட்ட கையை நான் இறக்கவில்லை. என் மணிக்கட்டில் கம்பி கீறின இடத்திலிருந்து ரத்தம் வழிந்தது. அவர் கண் அங்கேயே போய்ப் போய்த் திரும்பியது. பார்க்காதீர்கள், பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மனதுக்குள் கத்தினேன்.

சூப்பர்வைசர் விடவில்லை. வடக்குத்தா என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், மைன்ஸில் காண்ட்ராக்ட்டா என்றார். இல்லை என்று சொன்னால் அடுத்து எங்கே என்று கேட்பார். எதைச் சொன்னாலும் இன்னொரு கேள்வி வரும். ஒரே ஒரு பதிலுக்குப் பிறகுதான் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

"அவரு செத்துட்டாருங்க" என்றேன்.

சொல்லும்போது முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன். நாக்கு கூசவில்லை, குரலும் மாறவில்லை. சூப்பர்வைசர் முகம் இறங்கிப் போனது. கெட்ட மனிதர் இல்லை அவர். பாவம், ஆட்டை வைத்துத்தான் பிழைக்கிறாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். இந்தத் தடவை விடுகிறேன், இனிமேல் வந்தால் பட்டிதான் என்றார். என் வீட்டுக்காரரிடம், பாவம், புருஷன் இல்லாத பொம்பளை, ஆட்டையெல்லாம் கேட் வழியாக வெளியே ஓட்டிவிட்டுவிடு என்று சொன்னார். அவர் சரிங்க சார் என்றார். சூப்பர்வைசர் ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார். எனக்கு மூச்சு வந்தது. மாதாவே, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

செவலை அப்போதுதான் புதரிலிருந்து வெளியே வந்தது. வந்து நேராக என் வீட்டுக்காரரிடம் போய் அவர் தொடையில் தலையை வைத்துத் தேய்த்தது. கழுத்தில் கயிறு அறுத்த காயம் சிவந்து கிடந்தது. அவர் கோலை ஓங்கி அதன் முதுகில் ஒன்று வைத்தார். அது இரண்டடி தள்ளிப் போய் நின்று, மறுபடி அவரிடமே வந்தது. அவர் மறுபடியும் ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. சூப்பர்வைசர் இதையெல்லாம் பார்க்கவேயில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சார்" என்று கூப்பிட்டார் என் வீட்டுக்காரர்.

வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இது எங்க வூட்டு ஆடு சார். இவ என் பொண்டாட்டி."

சூப்பர்வைசருக்கு முதலில் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கோபத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் அதிகமாகத் தெரிந்தது. அவரை நாங்கள் ஏமாற்றியதோடு, இரக்கப்படவும் வைத்திருந்தோமே. கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பாஸ் திரும்பி வரவில்லை. கண்டவர் காலைப் பிடித்து ரொம்ப நாள் கழித்து வேறு காண்ட்ராக்ட்டில் சேர்ந்தார், வரிசையின் கடைசியில். அந்தச் சுற்றில் பெர்மனென்ட் ஆனவர்கள் இன்று டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

கேட் வழியாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார். வாய்க்காலோரமாக ஆடுகள் முன்னால் போக, அவர் நடுவில் நடந்தார், நான் கடைசியில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்ததை ஒரு வார்த்தையில் தொலைத்துவிட்டாரே. கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிறகு முடியவில்லை.

"ஏங்க சொன்னீங்க? அந்த ஆளு ஜீப்புலயே ஏறிட்டாரு. நான்தான் சமாளிச்சிட்டேன் இல்ல?"

"நீ சமாளிச்சிட்ட" என்றார். "அதனாலதான் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் நின்று திரும்பி, என் கையைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தார்.

"நான் செத்துட்டேன்னு நீ சொன்ன. அவரு உடனே நம்பிட்டாரு. நீ அழக்கூட இல்ல. நான் பக்கத்துலயே நின்னுக்கினு சரிங்க சார், சரிங்க சார்னு தலையாட்டிக்கினு இருந்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் வுட்டிருந்தா நானும் நம்பியிருப்பேன்."

என் கையை விட்டுவிட்டு ஆடுகளின் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.